ஒற்றைக் கார்பனை நடுவழியில் நிறுத்துவது எப்படி? வினையூக்கி வடிவமைப்புக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

துறையூர்ப் பக்கமிருந்து கொல்லிமலையை நோக்கிப் போனால், சமவெளி முடிந்து மலை எழும் இடத்தில் புளியஞ்சோலை இருக்கிறது. மேலே ஆகாய கங்கையாக விழுந்த தண்ணீர் ஐயாறாக இறங்கி, இங்கே பாறைகளுக்கு நடுவே ஓடுகிறது. திருச்சி, நாமக்கல் கல்லூரிப் பிள்ளைகள் விடுமுறையில் குளிக்க வருகிற இடம். அவர்களில் வேதியியல் படிப்பவர்கள் சற்று நின்று பார்த்தால், இன்றைய வேதியியலின் மிக அவசரமான கேள்வி ஒன்றின் எல்லாப் பொருட்களும் இந்தக் கரையிலேயே கிடைக்கும். ஒரே ஒரு கார்பன் அணு கொண்ட எளிய மூலக்கூறுகளை எடுத்து, எரிபொருளாகவோ பிளாஸ்டிக்கின் மூலப்பொருளாகவோ மருந்தின் தொடக்கமாகவோ மாற்றுவது எப்படி என்பதே அந்தக் கேள்வி.

இளங்கலை வேதியியல் முடித்தவர், முடிக்கப் போகிறவர், அவர்களுக்குச் சொல்லித்தரும் ஆசிரியர் ஆகியோரை மனத்தில் வைத்து எழுதுகிறேன். ஒரு நல்ல ஆய்வுக்கூடம் கையெட்டும் தூரத்தில் இல்லாதவர்களும் தொடங்கலாம்.

முதல் படி: மூலக்கூறுகளோடு பழகுங்கள்

ஐயாற்றின் ஓரத்தில் நீர் ஓடாமல் தேங்கும் பள்ளங்களில் இலைதழை அழுகிக் கிடக்கும். குச்சியால் சேற்றைக் கிளறினால் குமிழி வரும். அதில் மீத்தேன் இருக்கிறது. மரக்கிளையில் இலைகளை ஒட்டிக் கூடு கட்டும் முசுறு கடித்தால் சுரீர் என்று எரிவது ஃபார்மிக் அமிலத்தால். 17ஆம் நூற்றாண்டில் ஆங்கிலேய இயற்கையியலாளர் ஜான் ரே இந்த அமிலத்தை எறும்புகளைக் காய்ச்சி வடித்தே எடுத்தார். தளிர் விரியும்போது இலையின் செல்சுவரிலுள்ள பெக்டின் தளர்ந்து மெத்தனாலை வெளிவிடுகிறது. ஒவ்வொரு மரமும் சிறிதளவு மெத்தனாலைக் காற்றில் கலந்துகொண்டிருக்கிறது. கரையில் சமைப்பவர்கள் மூட்டும் விறகடுப்புப் புகையில் கார்பன் மோனாக்சைடும் ஃபார்மால்டிஹைடும் உண்டு. கார்பன் டை ஆக்சைடு உங்கள் மூச்சிலேயே இருக்கிறது.

இவற்றைக் கார்பனின் ஆக்சிஜனேற்ற எண்ணை வைத்து வரிசைப்படுத்துங்கள். மீத்தேனில் −4. மெத்தனாலில் −2. ஃபார்மால்டிஹைடில் 0. ஃபார்மிக் அமிலத்திலும் கார்பன் மோனாக்சைடிலும் +2. கார்பன் டை ஆக்சைடில் +4. இந்த வரிசையை நோட்டின் முதல் பக்கத்தில் எழுதி வையுங்கள். இரு முனையிலும் உள்ளவை ஏராளமாகக் கிடைக்கும், விலையும் குறைவு, ஆனால் எளிதில் எதனோடும் வினைபுரியாது. தொழிலுக்கு வேண்டியவை பெரும்பாலும் நடுவில் இருக்கின்றன. அதிலும் மெத்தனால் வந்துவிட்டால் அசிட்டிக் அமிலம், ஃபார்மால்டிஹைடு, பிசின்கள், எத்திலீன், புரோப்பிலீன் என்று வழிகள் கிளைபிரியும்.

கார்பனை ஒரு முனையிலிருந்து கிளப்புவது அவ்வளவு கடினமல்ல. மறுமுனைக்கு ஓடிவிடாமல் நடுவில் நிறுத்துவதுதான் கடினம். பாடநூல்கள் வினையூக்கியை வேகத்தை வைத்து அறிமுகம் செய்கின்றன. ஒற்றைக் கார்பன் வேதியியலில் வேகத்தைவிட நிறுத்தும் திறமைக்கே நான் முதலிடம் கொடுப்பேன். இனி வரும் படிகள் எல்லாம் அதைச் சுற்றியே.

இரண்டாம் படி: எங்கே நிறுத்துவது என்று தீர்மானியுங்கள்

உலோகத்தைத் தேடுவதற்கு முன் வெப்ப இயக்கவியல் கணக்கைப் போடுங்கள். ஒரு கார்பன் டை ஆக்சைடும் மூன்று ஹைட்ரஜனும் சேர்ந்து ஒரு மெத்தனாலும் ஒரு நீரும் உண்டாகும்போது மோலுக்குச் சுமார் 49 கிலோஜூல் வெப்பம் வெளிவருகிறது. அதே கார்பன் டை ஆக்சைடு நான்கு ஹைட்ரஜனோடு சேர்ந்து மீத்தேனாக மாறினால் சுமார் 165 கிலோஜூல். ஆக, இயற்கையின் சாய்வு மீத்தேன் பக்கம். இதற்கிடையே மூன்றாவதாக ஒரு வினையும் நடக்கும். கார்பன் டை ஆக்சைடு ஒரே ஒரு ஹைட்ரஜனோடு சேர்ந்து கார்பன் மோனாக்சைடாகவும் நீராகவும் பிரியும். இது சுமார் 41 கிலோஜூலை உள்வாங்கும்.

கொல்லிமலைக்குக் காரவள்ளிப் பக்கம் 70 கொண்டை ஊசி வளைவுகளோடு தார்ச்சாலை இருக்கிறது. புளியஞ்சோலைப் பக்கம் காட்டுவழி. எந்த வழியில் ஏறினாலும் மலையின் உயரம் ஒன்றுதான். வினையூக்கியும் அப்படித்தான் பாதையை மாற்றும், சமநிலையை மாற்றாது. மூன்று பங்கு ஹைட்ரஜனும் ஒரு பங்கு கார்பன் டை ஆக்சைடும் கலந்து 250 டிகிரி செல்சியஸில், 50 பார் அழுத்தத்தில் செலுத்தினால், எவ்வளவு சிறந்த வினையூக்கி இருந்தாலும் ஒரு சுற்றில் கார்பன் டை ஆக்சைடின் சுமார் கால் பங்குதான் மாறும். மீதியைப் பிரித்தெடுத்து மறுபடி உள்ளே அனுப்ப வேண்டும். ஆலைகளில் சுழற்சி அமைப்பு இருப்பது இதற்காகத்தான். இந்த எல்லையைத் தெரிந்துகொள்ளாமல் பல மாதம் உழைத்துவிட்டு, சமநிலையைத் தொட்ட இடத்தில் வினையூக்கியைக் குறைசொல்லும் ஆய்வு மாணவர்களுக்காக வருந்துகிறேன். கணக்கு ஒரே மாலையில் முடிந்துவிடும்.

வெப்பம் வெளிவரும் வினை என்பதால் குளிர்ந்த நிலை மெத்தனாலுக்கு நல்லது. குளிர்ந்தால் வேகம் குறையும். மூலக்கூறுகளின் எண்ணிக்கை குறைவதால் அழுத்தம் கூடினால் நல்லது. அழுத்தம் கூடினால் செலவு கூடும். வடிவமைப்பாளர் நிற்பது இந்த இழுபறிக்கு நடுவில்.

எல்லாக் கார்பன் டை ஆக்சைடு பயன்பாட்டுக்கும் இவ்வளவு பாடு தேவையில்லை என்பதையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். தூத்துக்குடி ஆல்கலி கெமிக்கல்ஸ் ஆலையில் 2016இல் நிலக்கரிக் கொதிகலனின் புகையிலிருந்து கார்பன் டை ஆக்சைடைப் பிரித்துச் சோடா உப்பு தயாரிக்கத் தொடங்கினார்கள். ஆண்டுக்கு 60,000 டன் பிடிக்கும் திட்டம் அது. கார்பனேட்டிலும் கார்பனின் எண் +4தான். எண் மாறாததால் ஹைட்ரஜன் வேண்டாம், உலோக வினையூக்கியும் வேண்டாம். எண்ணை மாற்ற வேண்டியிருந்தால் மட்டுமே அடுத்த படிகள் உங்களுக்குத் தேவை.

மூன்றாம் படி: ஹைட்ரஜனுக்குக் கணக்குப் போடுங்கள்

32 கிராம் மெத்தனாலுக்கு 44 கிராம் கார்பன் டை ஆக்சைடும் 6 கிராம் ஹைட்ரஜனும் வேண்டும். மத்தியப் பிரதேசத்தின் விந்தியாசல் அனல்மின் நிலையத்தில் என்.டி.பி.சி. அமைத்திருக்கும் முன்னோடி ஆலையை எடுத்துக்கொள்வோம். புகையிலிருந்து நாளுக்கு 20 டன் கார்பன் டை ஆக்சைடைப் பிடிக்கும் பகுதி 2022இல் இயங்கத் தொடங்கியது. மெத்தனால் பகுதியின் அளவு நாளுக்கு 10 டன். பத்து டன் மெத்தனாலுக்குக் குறைந்தது 13.75 டன் கார்பன் டை ஆக்சைடும் 1.875 டன் ஹைட்ரஜனும் செலவாகும். நீரை மின்னாற்பகுத்து ஒரு கிலோ ஹைட்ரஜன் எடுக்க 50 முதல் 55 யூனிட் மின்சாரம் வேண்டும். ஆக, ஒரு டன் மெத்தனாலுக்கு ஹைட்ரஜனுக்காக மட்டும் ஏறக்குறைய 10,000 யூனிட்.

இந்த எண்ணை மனத்தில் வைத்துக்கொண்டால் வடிவமைப்பு பற்றிய பார்வை மாறிவிடும். மூன்று ஹைட்ரஜனில் ஒன்று நீராகவே போய்விடுகிறது. மீத்தேனாக மாறிவிட்டால் நான்கில் இரண்டு நீராகப் போகும். தவறான இடத்தில் நிற்கும் ஒவ்வொரு மூலக்கூறும் விலையுயர்ந்த மின்சாரத்தை வீணாக்குகிறது. அதனால்தான் வேகமான வினையூக்கியைவிடத் தேர்வுத்திறன் மிக்க வினையூக்கிக்கு மதிப்பு அதிகம். காற்றாலையும் சூரிய மின்சாரமும் மலிந்த தென்தமிழகம் இதில் முக்கியமான இடம். தூத்துக்குடி வ.உ.சிதம்பரனார் துறைமுகத்தில் 2025 செப்டம்பரில், சிறிய பசுமை ஹைட்ரஜன் முன்னோடித் திட்டம் தொடங்கப்பட்டதோடு, கப்பல்களுக்குப் பசுமை மெத்தனால் நிரப்பும் வசதிக்கும் அடிக்கல் நாட்டினார்கள்.

நான்காம் படி: உலோகத்தைத் தேர்ந்தெடுங்கள்

பிரெஞ்சு வேதியியலாளர் பால் சபாட்டியே 1902இல் நிக்கலின் மேல் கார்பன் ஆக்சைடுகளையும் ஹைட்ரஜனையும் செலுத்தி மீத்தேன் பெற்றார். 1912இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. அவர் பெயரால் வழங்கும் விதி எளிமையானது. வினைபடு மூலக்கூறு பரப்பில் ஒட்ட வேண்டும். ஆனால் விடாப்பிடியாக ஒட்டக் கூடாது. மிகத் தளர்வாக ஒட்டினால் எதுவும் நடக்காது. மிக இறுக்கமாக ஒட்டினால் விளைபொருள் வெளியேறாமல் பரப்பு அடைபட்டுவிடும்.

கார்பன் டை ஆக்சைடிலிருந்து மெத்தனாலுக்குப் போக, இரண்டு ஆக்சிஜனில் ஒன்றை நீக்கி மற்றதைக் கார்பனோடு விட்டுவைக்க வேண்டும். நிக்கல் கார்பன் மோனாக்சைடை இறுகப் பிடித்துக் கார்பனையும் ஆக்சிஜனையும் தனித்தனியே பிரித்துவிடும்; மிஞ்சுவது மீத்தேன். இரும்பும் கோபால்ட்டும் அப்படிப் பிரித்த கார்பன்களை ஒன்றோடொன்று கோத்து நீண்ட சங்கிலிகளாக்கும். ஃபிஷரும் டிராப்ஷும் 1920களில் நிலக்கரி வாயுவிலிருந்து எரிபொருள் எடுத்தது இப்படித்தான். தாமிரம் ஹைட்ரஜனைப் பிளக்கும், கடைசி ஆக்சிஜனைத் தொடாது. இந்த அரைகுறைத் தன்மையே நமக்கு வேண்டிய குணம்.

தாமிரம் தொழிலுக்கு வந்த கதையில் ஒரு பாடம் இருக்கிறது. 1923இல் ஜெர்மனியின் லொய்னாவில் பாஸ்ஃப் நிறுவனம் மெத்தனால் ஆலையை இயக்கியபோது பயன்படுத்தியது துத்தநாக ஆக்சைடும் குரோமியம் ஆக்சைடும். அதற்கு 300 டிகிரிக்கு மேல் வெப்பமும் 250 பாருக்கு மேல் அழுத்தமும் தேவைப்பட்டன. தாமிரம் நல்லது என்று அப்போதே தெரியும். ஆனால் நிலக்கரியிலிருந்து வந்த வாயுவில் கந்தகம் இருந்தது. தாமிரம் சீக்கிரமே செத்துப்போகும். சுத்தமான வாயு கிடைத்த பிறகே, 1966இல் இங்கிலாந்தின் ஐ.சி.ஐ. நிறுவனம் தாமிரம், துத்தநாக ஆக்சைடு, அலுமினா மூன்றும் கலந்த வினையூக்கியோடு 50 முதல் 100 பார் அழுத்தத்தில் வேலையை முடித்தது. இன்றும் உலகின் மெத்தனால் பெரும்பாலும் அந்தக் குடும்பத்து வினையூக்கியிலிருந்தே வருகிறது. நாற்பது ஆண்டுகளாகத் தாமிரம் காத்திருந்தது வாயுவின் சுத்தத்துக்காகத்தான். கந்தகம் பத்து லட்சத்தில் 0.1 பங்குக்கும் கீழே இருக்க வேண்டும். நிலக்கரி, பழுப்பு நிலக்கரிப் புகையிலிருந்து தொடங்க நினைப்பவர்கள் முதலில் சிந்திக்க வேண்டியது இதைத்தான்.

துத்தநாக ஆக்சைடு இல்லாமல் தாமிரம் மட்டும் இருந்தால் வினை மந்தம். இரண்டும் தொட்டுக்கொள்ளும் விளிம்பில்தான் வேலை நடக்கிறது. கார்பன் டை ஆக்சைடு அங்கே ஒட்டி, ஒரு ஹைட்ரஜனை ஏற்று ஃபார்மேட் ஆகி, படிப்படியாக மெத்தனாலை நோக்கி நகர்கிறது. ஐ.சி.ஐ. ஆய்வாளர்கள் 1987இல் கதிரியக்கக் கார்பன்-14 கலந்து சோதித்து, கார்பன் மோனாக்சைடும் கார்பன் டை ஆக்சைடும் கலந்த வாயுவில்கூட மெத்தனாலின் கார்பன் முக்கியமாகக் கார்பன் டை ஆக்சைடிலிருந்தே வருகிறது என்று காட்டினார்கள். விளிம்பில் துத்தநாகம் எந்த வடிவில் இருக்கிறது என்ற விவாதம் இன்னும் ஓயவில்லை. அறுபது ஆண்டுகளாக ஆலையில் ஓடும் ஒரு பொருளின் உள்வேலை இன்னும் விவாதத்தில் இருப்பது இந்தத் துறைக்கு வருகிற இளைஞர்களுக்கு நல்ல செய்தி.

ஐந்தாம் படி: தாங்கியை அலட்சியம் செய்யாதீர்கள்

தொடங்குபவர்கள் உலோகத்தைப் பற்றியே பேசுவார்கள். உலோகத் துகள்களைத் தன் மேல் பரப்பி, ஒன்றோடொன்று சேராமல் தடுக்கும் ஆக்சைடுதான் தாங்கி. தாமிரம் 1085 டிகிரியில் உருகும் என்றாலும் அதன் நுண்துகள்கள் 300 டிகிரியைத் தாண்டினாலே நகர்ந்து ஒட்டத் தொடங்கும். ஒட்டிவிட்டால் பரப்பு போயிற்று. அலுமினா அதைத் தடுக்கிறது. ஒரு கிராம் காமா அலுமினாவின் பரப்பு 150 முதல் 250 சதுர மீட்டர் வரை இருக்கும்.

அலுமினா எங்கிருந்து வருகிறது என்று கேட்டால், புளியஞ்சோலையில் நிற்பவர் தலையை நிமிர்த்தினால் போதும். கொல்லிமலையின் உச்சிச் சமதளத்தில் சார்னோகைட் பாறை மழையில் கரைந்து, சிலிக்கா வெளியேறி, அலுமினியம் மிகுந்த பாக்சைட்டாகத் தங்கியிருக்கிறது. மேட்டூரிலிருந்த மெட்ராஸ் அலுமினியம் நிறுவனம் இங்கிருந்தும் சேர்வராயன் மலையிலிருந்தும் பாக்சைட் வெட்டியெடுத்தது. மேட்டூரில் அதைக் காஸ்டிக் சோடாவில் கரைத்து அலுமினாவைப் பிரித்தார்கள். 2008இல் அந்த அலுமினா உற்பத்தி நின்றது.

மலையை மறுபடி வெட்டச் சொல்வதற்காக இதை எழுதவில்லை. ஆய்வுக்குத் தேவையான அலுமினா கடையில் கிடைக்கும். கொல்லிமலைக் காடும் ஐயாற்றின் ஊற்றும் எங்கும் கிடைக்காது. என் அக்கறை செம்மண் கழிவின் மேல். பாக்சைட்டிலிருந்து அலுமினாவை எடுத்த பின் மிஞ்சும் அந்தச் சிவப்புச் சேற்றில் இரும்பு ஆக்சைடு ஏராளம். கூடவே அலுமினா, டைட்டானியம் ஆக்சைடு, கழுவியும் போகாத சோடியம். இரும்பு வினையூக்கியில் சிறிது சோடியமோ பொட்டாசியமோ இருந்தால் மீத்தேன் குறைந்து ஒலிஃபின்கள் கூடும் என்பது நெடுநாளாகத் தெரிந்தது. கார்பன் டை ஆக்சைடை ஹைட்ரஜனேற்றம் செய்யச் செம்மண் கழிவைப் பல நாட்டு ஆய்வாளர்கள் சோதித்திருக்கிறார்கள். ஏற்கெனவே வெட்டிவிட்ட மலையின் கழிவிலிருந்து ஒரு வினையூக்கி வருமானால், நம் வட்டார மாணவர் ஒருவர் ஆய்வேட்டுக்கு எடுத்துக்கொள்ளத் தகுந்த பொருள் அது.

ஆறாம் படி: கையால் செய்து பாருங்கள்

முதல் வினையூக்கியாகத் தாமிரம், துத்தநாகம், அலுமினியம் மூன்றும் 6:3:1 அணு விகிதத்தில் இருக்கட்டும். எட்டு கிராமுக்குச் சற்றுக் குறைவாகக் கிடைக்கும் அளவு இது. தாமிர நைட்ரேட் டிரைஹைட்ரேட் 14.5 கிராம், துத்தநாக நைட்ரேட் ஹெக்ஸாஹைட்ரேட் 8.9 கிராம், அலுமினியம் நைட்ரேட் நோனாஹைட்ரேட் 3.75 கிராம். இவற்றைக் காய்ச்சி வடித்த நீரில் கரைத்து 100 மில்லி ஆக்குங்கள். இன்னொரு குடுவையில் நீரற்ற சோடியம் கார்பனேட் 15.9 கிராமைக் கரைத்து 150 மில்லி தயார் செய்யுங்கள்.

மூன்றாவது குடுவையில் சிறிது நீரை 65 டிகிரியில் வைத்து, கலக்கிக்கொண்டே இரண்டு கரைசலையும் ஒரே நேரத்தில் சொட்டுச் சொட்டாக விடுங்கள். பிஹெச் 6.5க்கும் 7க்கும் இடையில் நிற்க வேண்டும். உலோகக் கரைசலில் மொத்தமாகக் கார்பனேட்டைக் கொட்டினால் அலுமினியம் முதலில், தாமிரம் பிறகு, துத்தநாகம் கடைசியில் என்று தனித்தனியே படியும். மூன்றும் நெருங்கிக் கலக்காது. சொட்டும் வேலை அலுப்பாக இருந்தாலும் வினையூக்கியின் தரம் இந்தக் குடுவையிலேயே நிச்சயிக்கப்படுகிறது.

சொட்டி முடித்ததும் அதே வெப்பத்தில் ஒன்றிரண்டு மணி நேரம் கலங்கவிடுங்கள். நீல நிறக் கூழ் மெல்லப் பச்சையாகும். அந்த நேரத்தில் பிஹெச் சற்று இறங்கும். துத்தநாகம் புகுந்த மாலகைட் படிகம் உருவாகிறது என்பதற்கு அடையாளம் அது. நிறம் மாறும் முன் வடிகட்டிவிட்டால் படிகம் அரைகுறையாக நிற்கும். பிறகு வெந்நீரால் கழுவிக்கொண்டே இருங்கள். மிஞ்சும் சோடியம் தாமிரத்துக்குக் கேடு. (செம்மண் கழிவில் இரும்புக்கு உதவிய அதே சோடியம்தான்!) 110 டிகிரியில் இரவு முழுக்க உலர்த்தி, மஃபிள் ஃபர்னஸில் 330 டிகிரியில் மூன்று மணி நேரம் சுட்டால் கறுப்புத் தூள் கிடைக்கும். நைட்ரேட் சுடும்போது பழுப்புப் புகை வரலாம். காற்றிழுப்பான் உள்ள மேடையில் செய்யுங்கள்.

ஏழாம் படி: கிடைத்தது என்ன என்று பாருங்கள்

எக்ஸ்-கதிர் விளிம்பு விலகல் படம் எடுத்தால் தாமிர ஆக்சைடின் உச்சங்கள் அகலமாக இருக்க வேண்டும். கூர்மையாக இருந்தால் துகள்கள் பெருத்துவிட்டன. நைட்ரஜன் பரப்புக் கவர்தல் முறையில் மொத்தப் பரப்பை அளக்கலாம். இவற்றைவிட முக்கியம் தாமிரத்தின் பரப்பு மட்டும் எவ்வளவு என்பது. ஹைட்ரஜனால் ஒடுக்கிய வினையூக்கியின் மேல் மிதமான சூட்டில் நைட்ரஸ் ஆக்சைடு வாயுவைச் செலுத்தினால், மேல்பரப்புத் தாமிரம் மட்டும் ஆக்சிஜனை எடுத்துக்கொண்டு நைட்ரஜனை விடும். வந்த நைட்ரஜனை அளந்தால் தாமிரப் பரப்பு தெரியும். கருவி இல்லாத கல்லூரிகள் சென்னை ஐ.ஐ.டி.யிலுள்ள உயர்நிலைப் பகுப்பாய்வுக் கருவி மையம் போன்ற இடங்களுக்கு மாதிரியை அனுப்பிக் கட்டணம் செலுத்திச் சோதிக்கலாம்.

எட்டாம் படி: ரியாக்டரில் ஏற்றுங்கள்

தூளை அழுத்தி, உடைத்து, சலித்து, 250 முதல் 425 மைக்ரான் வரையுள்ள குருணையை எடுங்கள். அரை கிராம் போதும். குவார்ட்ஸ் குருணையோடு கலந்து குழாயில் நிரப்பினால் வெப்பம் ஓரிடத்தில் குவியாது. நைட்ரஜனில் 5 விழுக்காடு ஹைட்ரஜன் கலந்து, நிமிடத்துக்கு ஒரு டிகிரி வீதம் 230 டிகிரிவரை ஏற்றி ஒடுக்குங்கள். தாமிர ஆக்சைடு ஒடுங்குவது வெப்பம் உமிழும் வினை. தூய ஹைட்ரஜனை அவசரப்பட்டுத் திறந்தால், தயாரித்த அத்தனை நுண்துகளும் முதல் சில நிமிடத்திலேயே ஒட்டிப்போகும்.

வினையூக்கி இல்லாத வெற்றுக் குழாயை முதலில் ஓட்டிப் பாருங்கள். துருப்பிடிக்காத எஃகின் நிக்கலே மீத்தேன் செய்யக்கூடும். கார்பன் மோனாக்சைடு சிலிண்டரிலிருந்து இரும்புக் கார்பனைல் ஆவியாக வந்து வினையூக்கியின் மேல் படிந்து, நீங்கள் போடாத இரும்பின் வேலையைக் காட்டும். உள்ளே போன கார்பனும் வெளியே வந்த கார்பனும் சில விழுக்காட்டுக்குள் ஒத்துப்போகாவிட்டால் அந்த எண்ணை யாருக்கும் காட்டாதீர்கள். இரண்டு வினையூக்கிகளை ஒப்பிடும்போது இரண்டிலும் மாற்ற அளவு ஒன்றாக இருக்கும்படி வாயு ஓட்டத்தைச் சரிசெய்து, பிறகு தேர்வுத்திறனைப் பாருங்கள். குறைந்த மாற்றத்தில் எந்த வினையூக்கியும் நல்ல பிள்ளையாகத் தெரியும்.

குறைந்தது நூறு மணி நேரமாவது ஓட்டுங்கள். கார்பன் டை ஆக்சைடிலிருந்து தொடங்கும்போது கூடவே உண்டாகும் நீர், தாமிரத் துகள்களையும் துத்தநாகத் துகள்களையும் பெருக்க வைக்கும். சூரிச் தொழில்நுட்பக் கழகத்தினர் 2016இல் சிர்கோனியாவின் மேல் இண்டியம் ஆக்சைடை வைத்து, 300 டிகிரியில் 1000 மணி நேரம் தளராமல் ஓட்டிக் காட்டியது கவனம் பெற்றதற்கு அந்த நிலைப்புத்தன்மை முக்கிய காரணம்.

மெத்தனாலைக் கையாளும் முன்

தமிழ்நாட்டில் மெத்தனால் என்ற சொல்லுக்கு இன்னொரு நினைவு இருக்கிறது. 2023 மே மாதம் மரக்காணத்திலும், 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியிலும் மெத்தனால் கலந்த சாராயம் குடித்தவர்கள் இறந்தார்கள். கள்ளக்குறிச்சியில் மட்டும் 60 பேருக்கு மேல். அந்தச் சாவுகளின் வேதியியலும் ஒற்றைக் கார்பன் வேதியியல்தான். கல்லீரலின் ஆல்கஹால் டிஹைட்ரோஜினேஸ் என்னும் நொதி மெத்தனாலை ஃபார்மால்டிஹைடாக்குகிறது. இன்னொரு நொதி அதைச் சட்டென்று ஃபார்மிக் அமிலமாக்குகிறது. அதற்கு மேல் கார்பன் டை ஆக்சைடாக மாறும் படி மனித உடலில் மெதுவானது. அமிலம் சேர்ந்து பார்வை நரம்பையும் செல்களின் சுவாசத்தையும் தாக்குகிறது. கார்பன் நிற்கக் கூடாத இடத்தில் நின்றுவிடுகிறது. மருத்துவமனையில் ஃபோமெபிசோல் கொடுப்பது முதல் நொதியையே தடுத்து, மெத்தனால் மாறாமல் வெளியேற அவகாசம் தருவதற்காக.

ஆய்வகத்தில் வரும் ஒவ்வொரு மில்லிக்கும் கணக்கு வைத்துப் பூட்டி வையுங்கள். கார்பன் மோனாக்சைடுக்கு மணம் கிடையாது. எச்சரிக்கைக் கருவி இல்லாமல் சிலிண்டரைத் திறக்கவே கூடாது. ஒடுக்கிய தாமிர வினையூக்கியைக் காற்றில் கொட்டினால் தானாகச் சூடேறும். நைட்ரஜனில் மிகக் குறைந்த ஆக்சிஜனை மெல்லக் கலந்து அடக்கிய பிறகே வெளியே எடுங்கள்.

மீத்தேனிலிருந்து வருபவர்களுக்கு

மறுமுனையிலிருந்து வருவது இன்னும் கடினம். மீத்தேனின் கார்பன்–ஹைட்ரஜன் பிணைப்பை முறிக்க மோலுக்குச் சுமார் 439 கிலோஜூல் வேண்டும். மெத்தனாலில் அது சுமார் 402தான். மீத்தேனைத் தாக்கும் வலிமை உள்ள எதுவும் மெத்தனாலை இன்னும் எளிதாகத் தாக்கும். கடைசியில் கார்பன் டை ஆக்சைடில் போய் முடியும். நெல்வயல் மண்ணிலுள்ள மீத்தேன் தின்னும் பாக்டீரியாக்களின் தாமிரமோ இரும்போ கொண்ட நொதிகள் சாதாரண வெப்பத்தில் மெத்தனாலில் நிறுத்துகின்றன. மனிதர்கள் செய்ததில் ராய் பெரியானா குழுவின் 1998ஆம் ஆண்டு முயற்சி எனக்கு மிகவும் பிடித்தது. பிளாட்டினம் வினையூக்கியோடு அடர்ந்த கந்தக அமிலத்தில் மீத்தேனைச் செலுத்தினார்கள். உண்டானது மெத்தனாலின் கந்தக அமில எஸ்டர். எலக்ட்ரானை இழுக்கும் சல்பேட் அந்தக் கார்பனுக்குக் காவலாக நின்றதால் 70 விழுக்காட்டுக்கு மேல் விளைச்சல் கிடைத்தது.

மெத்தனாலுக்குப் பிறகு நிறுத்தும் வேலையைத் துளைகள் செய்கின்றன. சாப்போ-34 என்னும் படிகத்தின் கூண்டுக்கு வாசல் சுமார் 0.38 நானோமீட்டர்; எத்திலீன், புரோப்பிலீன் போன்ற மெலிந்த மூலக்கூறுகளே வெளியே வர முடியும். சற்றுப் பெரிய வாசலுள்ள இசட்.எஸ்.எம்.-5 பெட்ரோல் தரும். 1980களில் நியூசிலாந்து இதைக் கொண்டு பெட்ரோல் தயாரித்தது.

மின்சாரத்தால் நேரடியாகச் செய்ய விரும்புபவர்கள் யோஷியோ ஹோரியின் 1985ஆம் ஆண்டு ஆய்விலிருந்து தொடங்கலாம். மின்முனையாகத் தகரம் ஃபார்மேட் தரும், வெள்ளி கார்பன் மோனாக்சைடு தரும், தாமிரம் மீத்தேனும் எத்திலீனும் தரும், பிளாட்டினம் பெரும்பாலும் நீரிலிருந்து ஹைட்ரஜனை மட்டும் விடும்.

எங்கே போய்ச் சேருவது

சென்னை ஐ.ஐ.டி.யில் பேராசிரியர் பா. விஸ்வநாதன் முன்னின்று 2006இல் தொடங்கிய தேசிய வினையூக்க ஆய்வு மையம், ஆய்வு மாணவர்களுக்கு வினையூக்கத்தில் அறிமுகப் பயிற்சி நடத்திவந்திருக்கிறது. காரைக்குடியில் அழகப்பச் செட்டியார் நிலமும் பொருளும் கொடுத்து உருவான மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம் மின்வழி நாட்டமுள்ளவர்களுக்கு. பெங்களூர் ஜவாஹர்லால் நேரு உயர் அறிவியல் ஆய்வு மையத்தில் செபாஸ்டியன் பீட்டரின் குழு, கார்பன் டை ஆக்சைடை மெத்தனாலாக்கும் முறையோடு பிரீத் என்ற பெயரில் உலக அளவிலான கார்பன் எக்ஸ்பிரைஸ் போட்டியின் இறுதிச் சுற்றுவரை போனது.

கல்லூரியில் உயர் அழுத்தக் கருவி இல்லையென்றால் எதிர்த்திசையில் தொடங்குங்கள். அதே தாமிரம்–துத்தநாகம்–அலுமினா வினையூக்கியின் மேல் மெத்தனால் ஆவியையும் நீராவியையும் சாதாரண அழுத்தத்தில், 220 முதல் 260 டிகிரி வரை செலுத்தினால் ஹைட்ரஜனும் கார்பன் டை ஆக்சைடும் வரும். ஒரு கண்ணாடிக் குழாய், ஒரு சிறு உலை, ஒரு காஸ் குரோமட்டோகிராஃப் போதும். மெத்தனாலுக்கு நீர் 1:1.3 என்ற மோல் விகிதத்தில் தொடங்கி, வெளிவரும் கார்பன் மோனாக்சைடின் அளவு வெப்பத்தோடு எப்படி ஏறுகிறது என்று முதல் வரைபடத்தைப் போடுங்கள். பிறகு துத்தநாகம் இல்லாமல் ஒரு மாதிரி, அலுமினியம் இல்லாமல் ஒரு மாதிரி செய்து, அதே வரைபடத்தின் மேல் வரையுங்கள்.